எழுபது வளைவும் ஒரு பழைய புல்லட்டும்

திண்டிவனம் வரைக்கும் ஜி.எஸ்.டி. சாலையில் வேடிக்கை பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, அப்புறம் மணலாகக் கிடக்கும் பாலாறு, மேல்மருவத்தூரில் செவ்வாடைக் கூட்டம், அச்சிறுபாக்கத்துக் குன்று. மற்றபடி லாரிக்குப் பின்னால் லாரி. ஆனால் பழைய மோட்டார் சைக்கிளுக்கு என்ன நோய் என்று பார்க்க இதைவிடத் தோதான சாலை கிடையாது. மேடு பள்ளம் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. அறுபது என்றால் அறுபதிலேயே அரை மணி நேரம் ஓட்டலாம். மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால்தான் மாறுகிற ஒன்று பிடிபடும்.

என் வண்டி தொண்ணூறுகளில் திருவொற்றியூரில் பிறந்த புல்லட் 350. வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பாயிண்ட் வைத்த இக்னிஷன். கொல்லிமலைக்குக் கிளம்பும்போதே ஹேண்டில்பாரில் ஒரு நடுக்கம் இருந்தது. “புல்லட்னா நடுங்காம இருக்குமா?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விதான் ஊரில் பாதிப் புல்லட்டுகளைக் கெடுத்து வைத்திருக்கிறது என்பது என் கட்சி. எஞ்சினோடு கூடப் பிறந்த நடுக்கம் ஒன்று, வயதாகி வந்து சேர்ந்த நடுக்கம் இன்னொன்று. முன்னதோடு குடித்தனம் நடத்தலாம். பின்னதைத் தனியாகப் பிரித்து, இடம் பார்த்துச் சரிசெய்தாக வேண்டும். அதற்குப் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்கினால் போதாது, ஓட்ட வேண்டும்.

கூடப் பிறந்ததை முதலில் பார்த்துவிடலாம். இந்த எஞ்சினில் ஒரே ஒரு பிஸ்டன். 70 மி.மீ. விட்டம், மேலும் கீழுமாக 90 மி.மீ. ஓட்டம். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு ஐம்பது முறை அது உச்சிக்குப் போய், நின்று, திரும்ப வேண்டும். உச்சியில் திரும்பும் அந்தக் கணத்தில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 450 மடங்கைத் தாண்டும். அந்த உதையை எதிர்ப்பதற்கு இன்னொரு பிஸ்டன் கிடையாது. ஃப்ளைவீலில் எதிர் எடை வைத்திருக்கிறார்கள். ஆனால் எடையை முழுதாக ஈடுகட்டும்படி வைத்தால் மேலும் கீழுமான உதை நின்று முன்னும் பின்னுமான உதையாக மாறிவிடும். ஆகவே ஏறத்தாழப் பாதியை மட்டும் ஈடுகட்டி, மீதியை இரண்டு பக்கமும் பங்கு போட்டு விடுவார்கள். எந்த மெக்கானிக்காலும் இந்த மீதியைத் தீர்க்க முடியாது. தீர்க்க வேண்டுமானால் எஞ்சினுக்குள்ளேயே எதிர்த்திசையில் சுற்றும் பாலன்சர் தண்டு வேண்டும். ராயல் என்ஃபீல்டின் 350 எஞ்சினுக்கு அது 2020இல் மீட்டியோரோடுதான் வந்தது. இங்கிலாந்தில் நார்ட்டன் கமாண்டோவுக்கு, அறுபதுகளின் பிற்பகுதியிலேயே, எஞ்சினை ரப்பரில் தொங்கவிட்டுச் சமாளித்தார்கள். புல்லட்டில் அதற்கும் வழியில்லை. அதன் சேஸிஸ் எஞ்சினுக்கு அடியில் சுற்றி வருவதில்லை. முன்குழாய் எஞ்சினோடு முடிந்துவிடுகிறது. எஞ்சினும் சட்டத்தின் ஒரு துண்டு. இரும்போடு இரும்பு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

ரெட்டிச் நகரத்து ஆங்கிலேயர் இதை வரைந்த காலத்துச் சாலைகளுக்கு இது பொருத்தம்தான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, சென்னையில் புல்லட்டைக் கோர்க்கத் தொடங்கியபோது நம் நெடுஞ்சாலையிலும் ஐம்பது கி.மீ. வேகம் என்பது கௌரவமான வேகம். நான்கு வழிச்சாலையில் எண்பதில் போக வேண்டும் என்று ஆசைப்படுவது நாம்தான். அதற்கு வண்டி கேட்கும் விலை கொஞ்சம் அதிகம். இந்த உதை சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அறுபதிலிருந்து எண்பதுக்குப் போனால் வேகம் கூடுவது மூன்றில் ஒரு பங்கு, உதை கூடுவது முக்கால் பங்குக்கும் மேல்.

இனி, வந்து சேர்ந்த நடுக்கம். மேல்மருவத்தூருக்கும் திண்டிவனத்துக்கும் இடையே சாலை காலியாக இருந்த இடங்களில் சோதனையைத் தொடங்கினேன். முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். அறுபதில் போகும்போது கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும். வண்டி அதே வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும், எஞ்சின் மட்டும் ஐடிலுக்கு இறங்கிவிடும். நடுக்கம் அப்போதும் தொடர்ந்தால் சக்கரம், டயர், பேரிங், ஃபோர்க் என்று முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சட்டென்று நின்றுவிட்டால் எஞ்சின் பக்கம். (சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பின்னால் வரும் ஆம்னி பஸ்ஸுக்கு உங்கள் ஆராய்ச்சி தெரியாது.)

எனக்குக் கிடைத்த விடை, இரண்டும். கிளட்சைப் பிடித்ததும் பெரிய பங்கு போய்விட்டது, ஆனால் மெதுவான ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தது. இந்த இரண்டையும் கை பிரித்தறிவதற்குக் கணக்கு துணைக்கு வருகிறது. பத்தொன்பது அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் இரண்டு மீட்டர் உருளும். அறுபது கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு எட்டு சுற்று. அதே நேரத்தில் எஞ்சின் நாற்பதுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். நொடிக்கு எட்டு என்பதைக் கை ஓர் உலுக்கலாக உணரும், கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். நாற்பது என்பதை எண்ண முடியாது, அது இரைச்சல். பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் உருவம் குழைந்து தெரிந்தால் அது எஞ்சின் வேலை. கண்ணாடி தெளிவாக இருந்து கைப்பிடி மட்டும் இடமும் வலமும் அசைந்தால் சக்கரத்தின் வேலை.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுக்கம் வேகத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகிறதா, இல்லை ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் உச்சிக்குப் போய் அதைத் தாண்டினால் குறைகிறதா? ஹேண்டில்பார் என்பது நடுவில் பிடித்து இரண்டு முனையையும் தொங்கவிட்ட ஒரு குழாய். அதற்கென்று சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு. எஞ்சினின் துடிப்பு அந்த எண்ணைத் தொடும்போது கொஞ்ச நடுக்கமும் பெரிதாகிவிடும். என் வண்டியில் அறுபத்தைந்தை ஒட்டி அப்படி ஓர் உச்சி இருந்தது. எழுபதில் கொஞ்சம் தணிந்து, அதற்குமேல் எஞ்சினின் பிறவிக் குணம் மீண்டும் மேலே வந்தது.

உளுந்தூர்ப்பேட்டையில் திருச்சி சாலையை விட்டுச் சேலம் சாலையில் திரும்பும் இடத்தில் டீக்கு நிறுத்தியபோது, கண்ணாடி டம்ளரின் சூடு சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் இதைச் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. 1918இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவின் இண்டியானாவில், பெட்ஃபோர்டு என்ற ஊருக்குப் போய், காற்றழுத்தச் சுத்தியல் பிடித்துச் சுண்ணாம்புக்கல் செதுக்குபவர்களின் கைகளைப் பார்த்தார். குளிர்காலக் காலை வேளைகளில் அவர்களுடைய விரல்கள் ரத்தம் ஓடாமல் வெளுத்து மரத்துப் போயின. இன்றைக்கு ஐரோப்பிய நாடுகளில் ஒரு தொழிலாளியின் கையில் எட்டு மணி நேரத்துக்கு எவ்வளவு அதிர்வு ஏறலாம் என்பதற்கே சட்டம் இருக்கிறது. புல்லட்டில் ஊர் சுற்றுபவன் கல் செதுக்குபவன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நரம்புக்கு வேலை, பொழுதுபோக்கு என்ற வித்தியாசம் தெரியாது.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் என்று சாலை மேற்கே போகப் போகக் கல்வராயன் மலை வலது பக்கம் வந்து நிற்கும். நெல் குறைந்து மரவள்ளி கூடும். ஆத்தூரை நெருங்கினால் ஜவ்வரிசி ஆலைகளும், வெயிலில் வெள்ளையாகப் பரப்பிய களங்களும், அந்தப் புளித்த வாசனையும். ஊருக்குள் வழி கேட்டு ஒரு பட்டறையைப் பிடித்தேன். தகரக் கூரை, இரண்டு பழைய புல்லட், ஒரு ராஜ்தூத்தின் எலும்புக்கூடு. பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர்.

“எங்கிருந்துங்க வர்றீங்க?”

“சென்னையிலிருந்துங்க. ஹேண்டில்பார் நடுங்குது. கைப்பிடிக்கு ஃபோம் கிரிப் போட்டா குறையுமா?”

“கைப்பிடியில போர்வை போத்துனா எஞ்சினுக்குக் குளிர் போயிடுங்களா? ஸ்டார்ட் பண்ணுங்க.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் ஸ்பானரைத் தொடவில்லை. வலது கை ஆள்காட்டி விரலை எடுத்து, போல்ட் போட்ட ஒவ்வோர் இணைப்பின் மீதும் குறுக்காக வைத்தார். விரலின் பாதி ஓர் இரும்பின் மேல், பாதி அடுத்த இரும்பின் மேல். இரண்டும் ஒரே உடம்பாக அதிர்ந்தால் இணைப்பு கெட்டி. விரலுக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால் லூஸ். முன் எஞ்சின் பிளேட்டில் வைத்தார், தலையாட்டினார். பின் பிளேட், சரி. பெட்ரோல் டேங்குக்குக் கீழே கை விட்டு, சிலிண்டர் ஹெட்டையும் சேஸிஸையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையைத் தொட்டதும் நின்றுவிட்டார். “இங்க விரலை வைங்க” என்றார். வைத்தேன். எறும்பு கடிப்பதுபோல ஒரு குறுகுறுப்பு.

டேங்கைக் கழற்றியபோது கண்ணுக்கும் சாட்சி கிடைத்தது. அந்தப் பட்டையின் போல்ட்டைச் சுற்றிக் குங்குமப்பூ நிறத்தில் மெல்லிய துருப்பொடி கசிந்து, எண்ணெயோடு குழைந்து காய்ந்திருந்தது. மழையில் பிடிக்கும் துரு இப்படி ஒரு வளையமாக நிற்காது. இரண்டு இரும்பு இறுக்கமில்லாமல் ஒன்றோடொன்று மயிரிழை அளவில் உராயும்போது உதிரும் பொடி இது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் குரோமியப் பளபளப்பைப் பார்ப்பதைவிட இந்தப் பொடியைத் தேடுவது நல்லது. போல்ட்டைக் கழற்றினால், அது இருக்க வேண்டிய தடிமனைவிட ஒரு நம்பர் சின்னது. முன்பு எப்போதோ வேறோர் ஊர்ப் பட்டறையில் கையில் கிடைத்ததைப் போட்டு, இரண்டு வாஷரை வைத்து இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது.

பெரியவர் துளையைச் சரிசெய்து, அளவான போல்ட் போட்டார். அதைவிட அவர் இறுக்கிய முறைதான் கவனிக்க வேண்டியது. உடனே பட்டையை முறுக்கவில்லை. முதலில் எஞ்சினின் முன் பின் பிளேட்டுகளின் நட்டுகளை எல்லாம் கொஞ்சம் தளர்த்தினார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு, அது தானாகப் போய் உட்காரும் இடத்தில் உட்காரவிட்டார். அணைத்த பிறகு முன் பிளேட், பின் பிளேட், கடைசியாகத்தான் ஹெட் பட்டை. பட்டைக்கும் ஹெட்டுக்கும் இடையே தெரிந்த சந்துக்கு அளவாக வாஷர் வைத்தார். “சந்தை விட்டுட்டு இழுத்து இறுக்குனீங்கன்னா, பட்டை எஞ்சினை இழுத்துட்டே இருக்கும். ரெண்டு மாசத்துல பட்டை விரியும்.”

பாயிண்ட்டையும் பார்த்தார். டைமிங் அளவுக்குமேல் முன்னேறியிருந்தால் வெடிப்பு பிஸ்டனை ஏறும் வழியிலேயே மறிக்கும். அப்போது எஞ்சின் முரட்டுத்தனமாக உதைக்கும். புல்லட்டில் இதைப் பார்க்க விளக்கு எதுவும் வேண்டாம். சாவியைப் போட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் ஹெட்லைட்டுக்கு மேலிருக்கும் அம்மீட்டர் முள் துள்ளும். பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது முள் துள்ள வேண்டும். என் வண்டியில் சரியாகவே இருந்தது.

மெதுவான ஆட்டத்துக்குக் காரணம் எளிதில் பிடிபட்டது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்குக் கீழே கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் “டக்” என்றது. ஸ்டியரிங் கோன் லூஸ். பிரேக் பிடிக்கும்போது கைக்கு ஒரு தட்டு வந்தால் பெரும்பாலும் இதுதான். ஆட்டம் போகிற வரைக்கும் இறுக்க வேண்டும். அதற்குமேல் ஒரு மயிரிழைகூடக் கூடாது. சக்கரம் தூக்கியிருக்கும்போது ஹேண்டில்பாரை நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் தன் எடையிலேயே ஒரு பக்கம் சாய்ந்து விழ வேண்டும். நடுவில் எங்காவது தட்டுப்பட்டு நின்றால் கிண்ணத்தில் பள்ளம் விழுந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஸ்போக்ஸை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டினான் கூட இருந்த பையன். கெட்டியான கம்பி மணிபோல் ஒலிக்கும், தளர்ந்தது மட்டும் ஊமையாகச் சத்தம் போடும். தளர்ந்தவற்றை முறுக்கி, ரிம் கோட்டம் எடுத்தார்கள். செயினில் ஓரிடத்தில் இறுக்கம் இருந்தது. அதன் உலுக்கல் கைக்கு வராது, ஃபுட்ரெஸ்டுக்கும் சீட்டுக்கும்தான் வரும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஆத்தூரிலிருந்து இராசிபுரம் போகும் சாலை நாமகிரிப்பேட்டை வழியாகப் போகிறது. நாதஸ்வரம் கிருஷ்ணனின் ஊர், மஞ்சள் விளையும் ஊர். இருபக்கமும் வயல், தூரத்தில் கொல்லிமலையின் நீலம். அதே சோதனைகளைத் திரும்பச் செய்தேன். கிளட்சைப் பிடித்தால் கை அமைதி. ஐம்பத்தைந்தில் பக்கக் கண்ணாடியில் டிராக்டரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிந்தது. அறுபத்தைந்தின் அந்த உச்சி மட்டும் போகவில்லை, சிறிதாகி இருந்தது.

காரவள்ளியிலிருந்து மலை ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் எழுபது, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. நேர்ச்சாலையில் தெரியாத ஒரு வகை நடுக்கத்தை இங்கே பார்க்கலாம். வளைவு திரும்பி வரும்போது மூன்றாவது கியரிலேயே இழுத்துவிடலாம் என்று ஆக்சிலேட்டரைக் கொடுத்தால், எஞ்சின் சுற்று குறைந்து ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகச் சேஸிஸில் இடிக்கும். கழன்றுபோகக் காத்திருக்கும் நட்டுக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. எஞ்சினில் குறை இல்லை, கியரை ஒன்று இறக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த மலையில் புல்லட்டுக்கு இரண்டாவது கியர்தான் வீடு. நாற்பதாவது வளைவுக்கு மேல் காற்று மாறிவிடுகிறது. மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக், கீழே நாமக்கல் சமவெளி. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்துவிட்டு அறப்பளீஸ்வரர் கோயில் வரை போனேன். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி ஏறினால் கால்தான் நடுங்குகிறது. அதற்கு எந்தப் பட்டறையிலும் மருந்து இல்லை.

இறங்கும்போது நாமக்கல் வழி. லாரிக்குப் பாடி கட்டும் ஊர் அது, லேத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு பட்டறையில் ஹேண்டில்பாரின் இரண்டு முனைக்கும் இரும்பில் கட்டை கடைந்து வாங்கினேன், ஒன்று இருநூறு கிராம் இருக்கும். ரப்பர் புஷ்ஷோடு குழாய்க்குள் இறுகி உட்காரும். முனையில் எடை ஏறினால் குழாயின் சொந்த அதிர்வெண் கீழே இறங்கிவிடும். அறுபத்தைந்தில் இருந்த உச்சி ஐம்பதுக்குக் கீழே நகர்ந்தது. நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் நான் அதிக நேரம் இருப்பதில்லை. நடுக்கம் அழியவில்லை, நான் நடமாடாத இடத்துக்குக் குடிபெயர்ந்தது. உச்சி என்று ஒன்று இல்லாமல் சீராக ஏறும் நடுக்கத்துக்கு இந்தக் கட்டையால் பெரிய பயன் இருக்காது.

ஃபோம் கிரிப்பும் தடித்த கையுறையும் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதிவேக அரவைக் கருவியின் மெல்லிய அதிர்வுக்கு அவை உதவலாம். நொடிக்கு நாற்பது, ஐம்பது என்று வரும் ஒற்றை சிலிண்டரின் உதையை அவை அநேகமாக அப்படியே கடத்திவிடும். போதாததற்குப் பிடி தடித்துப்போவதால் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்த கைக்குத்தான் அதிர்வு அதிகம் ஏறும்.

பழைய புல்லட்டில் தொலைதூரம் கிளம்புகிறவர்களுக்கு: புறப்படுவதற்கு முன் டேங்கைக் கழற்றி ஹெட் பட்டையைப் பாருங்கள், முன்சக்கரத்தைத் தூக்கிக் கோனை அசைத்துப் பாருங்கள். அறுபதைத் தாண்டாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கிக் கையை உதறுங்கள். வண்டியை விட்டு இறங்கிய மறுநாள் காலையிலும் விரல் மரத்திருந்தாலோ, குளிர்ந்த தண்ணீரில் வெளுத்துப்போனாலோ, மெக்கானிக்கை விட்டுவிட்டு முதலில் மருத்துவரிடம் போங்கள்.